வடக்கே தலை வைக்காதவர்கள்

வேலைக்குச் சேர்ந்த அன்று என் கையில் மூன்று பொருட்களைக் கொடுத்தார்கள். ஒரு பேரேடு, ஒரு புட்டி பேன் மருந்து, ஒரு கத்தரிக்கோல்.

அது 2009-ஆம் ஆண்டு. வடசென்னையில், தெருவில் தங்கும் பெண்களுக்கான சின்னக் காப்பகம். சமூகப்பணி படித்து முடித்த கையோடு வந்திருந்தேன். புதிதாக ஒருவர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். குளிப்பாட்டு, முடியை ஒட்ட வெட்டு, கொண்டுவந்த மூட்டையை எரித்துவிடு, நைட்டி மாட்டு, அப்புறம் பேரேட்டில் பெயர் எழுது. இந்த வரிசையில்தான். பெயர் கடைசி.

ஐப்பசி மழையில் ஓர் இரவு, இரண்டு காவலர்கள் ஓர் அம்மாவை அழைத்துவந்து விட்டார்கள். அறுபது வயதிருக்கும். இடுப்பு வரைக்கும் முடி சடை சடையாகத் திரிந்து, மழையில் ஊறிக் கனத்துத் தொங்கியது. நான்தான் வெட்டினேன். அவர் திமிறவில்லை, திட்டவில்லை. இரண்டு கையாலும் உச்சந்தலையைப் பொத்திக்கொண்டு, "பெரியபாளையத்தா குடுத்தது கண்ணு அது" என்றார். நான் அந்தக் கைகளை மெதுவாக விலக்கிவிட்டு வெட்டினேன். மெதுவாகத்தான் விலக்கினேன் என்பதால் அன்பாக நடந்துகொண்டதாகவே நினைத்தேன்.

விடிகாலையில் ஆள் இல்லை. போர்வையைத் தலையைச் சுற்றிப் போட்டுக்கொண்டு வெளியே போனதாகக் காவலாளி சொன்னார். வால்டாக்ஸ் சாலை, யானைகவுனி, சென்ட்ரல் என்று மூன்று நாள் தேடினேன். கிடைக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கிடைக்கவில்லை. பேரேட்டில் அவர் பெயர்கூட இல்லை. பெயர் எழுதும் கட்டம் வருவதற்குள் அவர் தூங்கிவிட்டார், காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

நம் ஊரில் ஒரு பெண்ணின் முடியை யார், எப்போது எடுப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வேண்டுதல் என்றால் அவளே போய் உட்காருவாள். அந்தக் காலத்தில் தாலியறுத்த பெண்ணுக்கு எடுத்தார்கள். ஊர் முன்னால் அவமானப்படுத்த எடுத்தார்கள். நான் வெட்டிய முடி இதில் எந்தக் கணக்கில் அவருக்குப் பட்டிருக்கும்? சடை விழுந்தால் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று நம்புகிறவர்கள் நம் மாவட்டங்களில் எத்தனையோ பேர். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை அது. என் அப்பாவின் ஊரிலேயே சடை வைத்த பூசாரி அம்மா ஒருவர் இருந்தார். சின்ன வயதில் அவர் காலில் விழுந்து திருநீறு வாங்கியிருக்கிறேன். கோயில் வாசலில் கும்பிட்ட அதே சடையை, தெருவிலிருந்து வந்த தலையில் பார்த்ததும் அழுக்கு என்று முடிவு செய்துவிட்டேன்.

ஐந்து வருடம் கழித்து இன்னொருவர் அதே மாதிரி வந்தார். இந்த முறை கத்தரிக்கோலை எடுக்கவில்லை. பேன் மருந்தை மட்டும் போட்டு, தனிப் பாய் கொடுத்து, மெல்லப் பேச்சுக்கொடுத்தோம். அவருக்கும் பெரியபாளையத்தம்மன்தான். "ஆடிக்குப் போனா எறக்கி வெச்சிருவேன், யாரு கூட்டினு போறா?" என்றார். ஆடியில் கூட்டிக்கொண்டு போனோம், வேன் பிடித்து, பதினோரு பேர். வேப்பஞ்சேலை கட்டி வலம் வந்தார், அவரே போய் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டார், சந்தனம் தடவிக்கொண்டு சிரித்தபடி வந்து நின்றார். அன்றைக்கு எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. இருவருக்கும் போனது முடிதான். ஆனால் முதல் அம்மா தெருவுக்கு ஓடினார். இவர் பத்து வருடம் எங்களோடு இருந்தார்.

சட்டத்தில் எங்களைப் போன்ற காப்பகங்களுக்குப் பிடிமானம் கிடைத்தது நான் சேர்ந்த மறுவருடம். 2001-இல் உணவு உரிமைக்காக ஒரு வழக்கு தொடுத்திருந்தார்கள். அதே வழக்கில்தான், டெல்லியில் குளிரில் மக்கள் சாவதைப் பற்றிய முறையீட்டின் பேரில், 2010-இல் உச்ச நீதிமன்றம் காப்பகங்கள் பற்றி உத்தரவுகள் போட்டது. பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும், வருடம் முழுவதும் அது திறந்திருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பு நாட்டில் 17.7 லட்சம் பேருக்கு வீடில்லை என்றது; அதில் பாதிக்கு மேல் நகரங்களில். 2013-இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வந்தபோது அதன் கீழ் காப்பகங்களுக்கென்றே ஒரு திட்டம் பிறந்தது. ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் என்றது. இவையெல்லாம் பெரிய காரியங்கள். இவை இல்லாவிட்டால் எங்கள் காப்பகம் இத்தனை நாள் நிலைத்திருக்காது.

ஆனால் 50 சதுர அடியை நாடாவால் அளந்துவிடலாம். அந்த இடத்தில் ஒருவர் எந்தத் திசையில் தலை வைத்துப் படுப்பார் என்பதற்கு நாடா இல்லை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நன்கொடையாக வந்த இரும்புக் கட்டில்களை வரிசையாகப் போட்டிருந்தோம். வயதானவர்கள் அதில் படுக்க மாட்டேன் என்றார்கள். இரவு சுற்றி வந்து பார்த்தால் தரையில் கிடப்பார்கள். பழக்கமில்லை, உயரம் பயமாக இருக்கிறது போல என்று நாங்களே காரணம் எழுதிக்கொண்டோம். ஒரு நாள் துப்புரவு செய்ய வந்த பெண்தான் துடைப்பத்தோடு நின்று, "வடக்கால தலைய வெச்சுப் போட்டுக்கிறீங்களே, பொணமா இதுங்க?" என்று கேட்டார். தலையணைகளை எல்லாம் மறுமுனைக்கு மாற்றினோம். தெற்கே தலை. இஸ்லாமியப் பெண்கள் நான்கு பேர் இருந்தார்கள். மேற்கே கால் நீட்ட மாட்டோம் என்றவர்கள் அவர்கள். தெற்குத் தலை அவர்களுக்கும் சரியாக வந்தது. ஒரு பைசா செலவில்லை. அந்த வாரமே பாதிப்பேர் கட்டிலுக்கு ஏறினார்கள்.

மூட்டையை எரிப்பதையும் நிறுத்தினோம். ஆளுக்கு ஒரு தகரப் பெட்டி, பூட்டு, சாவி. துணிகளை வெந்நீரில் போட்டுக் காய வைத்துத் திருப்பிக் கொடுத்தோம். மற்றவை அவரவர் பொறுப்பு. யாரும் திறக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது என்பது விதி. அவர்களாகக் காட்டியபோது பார்த்திருக்கிறேன்: குலதெய்வத்துக்கென்று மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய், பால்குடி மாறாத பிள்ளையின் கொலுசு ஒன்று, எண்ணெய் ஏறிய வேளாங்கண்ணி மாதா படம், ஊர் ரேஷன் கார்டின் கிழிந்த நகல். அந்த நகலை வைத்து ஒருவரின் குடும்பத்தையே கண்டுபிடித்தோம். அதற்கு முன்னால் எத்தனை கார்டுகளை எரித்திருப்போமோ.

நைட்டியும் அப்படித்தான். நாற்பது வருடம் புடவை கட்டியவருக்கு நைட்டி மாட்டிப் பொதுக் கூடத்தில் உட்கார வைத்தால், அவருக்கு அது உடுத்தாதது மாதிரி. புடவை கேட்டவர்களுக்குப் புடவை கொடுத்தோம்.

சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

சென்ட்ரலிலிருந்து ஒரு பெண் வந்தார். தமிழ் தெரியாது, இந்தியும் சரியாக வரவில்லை. நான்கு நாள் எதையும் வாயில் வைக்கவில்லை. இட்லியைத் தள்ளினார், சாம்பார் சோற்றைத் தள்ளினார். அவருடைய கோப்பில் 'உணவு மறுப்பு' என்று எழுதி, மனநல மருத்துவரிடம் அழைத்துப்போக நாள் குறித்துவிட்டோம். ஐந்தாம் நாள் இரவு அடுக்களையில் சத்தம். இந்தப் பெண் மிஞ்சிய சோற்றுப் பானையில் குடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். இரவுப் பணியாளர் சோற்றை வீணாக்குகிறாள் என்று கத்த, எல்லோரும் எழுந்துவிட்டோம். எங்கள் சமையல்கார அம்மா திண்டிவனத்துப் பக்கம். அவர் மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வுடுங்க, காலையில பாருங்க" என்றார். காலையில் அந்தப் பெண் பானையிலிருந்து அள்ளி, உப்புப் போட்டு, பச்சை மிளகாய் கடித்துக்கொண்டு, வெங்காயத்தோடு இரண்டு தட்டுச் சாப்பிட்டார். "பகால" என்றார். சமையல்கார அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தனக்கும் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு, "நம்ம பழையதுதாம்மா. இதுக்குப் போயி டாக்டரு இன்னாத்துக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

அந்த ஒரு சொல்தான் வழி காட்டியது. பகால என்பது ஒடிசாவின் பழைய சோறு. அருகே அடுக்குமாடி ஒன்றில் காவல் வேலை பார்த்த ஒடியாக்காரர் ஒருவரை அழைத்துவந்தோம். அவரோடு பேசியபோது அந்தப் பெண் அழுத அழுகை கூடம் முழுக்கக் கேட்டது. கஞ்சம் மாவட்டம். பேறுகாலத்துக்குப் பிறகு ரயில் மாறி ஏறியவர். இரண்டு மாதத்தில் அண்ணன் வந்து அழைத்துப்போனார்.

எங்கள் காப்பகம் வெகுநாள் சைவம். யாரோ ஒரு நன்கொடையாளர் தொடக்கத்தில் வைத்த நிபந்தனை, விதியாகவே நின்றுவிட்டது. பிறந்தநாளுக்கு, நினைவுநாளுக்கு என்று சாப்பாடு போட வருகிறவர்களும் கேசரியும் வெஜிடபிள் பிரியாணியுமாகக் கொண்டுவருவார்கள். நல்ல மனசுதான். ஆனால் உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் மீனும் கருவாடும் மாட்டுக்கறியும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். தெருவில் கிடந்தபோதும் கையில் காசு கிடைத்த அன்று அதைத்தான் வாங்கிச் சாப்பிட்டவர்கள். கூரைக்குக் கீழே வந்த பிறகு அவர்கள் நாக்கைத் திருத்த வேண்டும் என்று நாம் ஏன் நினைக்கிறோம்? நிபந்தனையை மாற்றச் சொல்லிக் கேட்டேன். அந்த நன்கொடை நின்றது. வேறு இடத்தில் தேடினோம். ஞாயிறு மாட்டுக்கறி வந்தது, கருவாட்டுக் குழம்பு வந்தது. வேண்டாதவர்களுக்கு இரண்டாவது அடுப்பும் தனிப் பாத்திரமும் வாங்கினோம்.

ஆனால் பழக்கவழக்கம் என்று சொல்லி எது வந்தாலும் தலையாட்டினேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு முறை ஓர் அம்மா, சமைக்கிறவர் இன்ன சாதி என்று தெரிந்து தட்டை வைத்துவிட்டு எழுந்தார். பக்கத்துக் கட்டில்காரரையும் மாற்றச் சொன்னார். எங்களில் சிலரே, பாவம் வயதானவர், காலங்காலமான பழக்கம், ஒருநாள் தனியாகக் கொடுத்துவிடலாம் என்றார்கள். நான் மறுத்தேன். எதைச் சாப்பிடுவது என்பது அவர் விருப்பம். யார் கை சமைத்தது என்று கேட்பதற்கு இந்த வீட்டில் இடமில்லை என்று அவரிடமே சொன்னேன். இரண்டு வேளை பட்டினி கிடந்தார். மூன்றாம் வேளை சாப்பிட்டார். மனம் மாறினாரா என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. ஒருவருடைய வழக்கம் இன்னொருவரைக் கீழே தள்ளுமானால் அங்கே என் பணிவு முடிந்துவிடும். இந்தக் கோட்டை எங்கே போடுவது என்று பயிற்சி வகுப்புகளில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்கிறேன்.

நான் கடைசி வரைக்கும் தோற்றது பிளாட்பாரத்துக் குடும்பங்களிடம். பிராட்வே, பூக்கடை, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் மூன்று தலைமுறையாக நடைபாதையில் இருப்பவர்கள் உண்டு. அங்கேயே பிறந்து, அங்கேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்து, மீன்பாடி வண்டி இழுத்து, பூக்கட்டி, மூட்டை தூக்கிப் பிழைப்பவர்கள். 'வீடற்றோர்' என்ற சொல் நம் அரசாணையில் இருக்கிறது, அவர்கள் வாயில் இல்லை. காப்பகத்துக்கு வரச் சொல்லி ஒரு அக்காவிடம் பேசப் போனேன். கல் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கேட்டது அப்படியே நினைவிருக்கிறது: "எங்க வூட்டுக்காரர ஆம்பளைங்க ஷெல்டர்ல வுட்டுட்டு, பையன பசங்க ஷெல்டர்ல வுட்டுட்டு, நா உன்னாண்ட வந்து படுக்கணுமா? அதுக்குப் பேரு வூடா மேடம்?"

பதில் இல்லை என்னிடம். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, சிறுவர்களுக்கு ஒன்று என்று காப்பகங்களை ஆளாளுக்குப் பிரித்துக் கட்டியிருக்கிறோம். குடும்பமாகத் தெருவில் இருப்பவர்கள் அதற்குள் வர வேண்டுமானால் முதலில் குடும்பத்தைப் பிரிக்க வேண்டும். அந்த அக்காவின் உறவுக்காரர்கள் சிலருக்கு நகரத்துக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. பாதிப்பேர் ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்குப் பூ வாங்க வேண்டியவர் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து எந்தப் பேருந்தில் வருவார்? வந்தவர்களை நன்றிகெட்டவர்கள் என்று பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன்.

ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் குழு 1991-இலேயே போதுமான வீடு என்றால் என்ன என்று ஏழு அம்சங்களை எழுதிவைத்தது. துரத்தப்படாத உறுதி முதலில். வேலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது ஆறாவது. இருப்பவரின் பண்பாட்டுக்குப் பொருந்த வேண்டும் என்பது ஏழாவது. நான் அதைப் படித்தது பணியில் சேர்ந்து எட்டு வருடம் கழித்து. அந்த அக்கா கல் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து எனக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்.

காப்பகம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் அது காப்பகம்தான். பத்து மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும், யாரோ குறித்த நேரத்தில் சாப்பிட வேண்டும். சென்னையில் 1993-இல் தொடங்கிய தி பேன்யன் அமைப்பு, மனநலம் பாதித்து வீடிழந்தவர்களை 2015 முதல் சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளில் நாலைந்து பேராகக் குடிவைக்கத் தொடங்கியது. அதைக் கேள்விப்பட்டுத்தான் எங்களுக்கும் தைரியம் வந்தது. மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்ல வந்தேன். இல்லை, அவர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுத்தார்கள். ஓட்டேரி ஆயா, ஒரு மரியம்மா, ஒரு பாத்திமா அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்கள் வேறு.

வீடு தேடி நாற்பது வாசலாவது ஏறியிருப்போம். "ஆம்பளைத் துணை இல்லையா?" "என்ன ஆளுங்க?" "அசைவம் செய்வீங்களா?" பத்து மாத முன்பணம் தருகிறோம் என்ற பிறகும் இந்தக் கேள்விகள் போகவில்லை. கடைசியில் வியாசர்பாடியில் ஓர் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் கொடுத்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மோட்டார் போடத் தெரியுமா?"

பால் காய்ச்சும் அன்று மூன்று பேருக்கும் சண்டை. ஆயாவுக்குப் பால் கிழக்கே பொங்க வேண்டும். மரியம்மாவுக்கு முதலில் ஜெபம். பாத்திமா அக்காவுக்கு வலது காலை வைத்து பிஸ்மி சொல்லி நுழைய வேண்டும். நான் சமாதானம் செய்ய எழுந்தேன். என்னோடு வந்திருந்த சமையல்கார அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அரை மணி நேரத்தில் அவர்களே முடித்துக்கொண்டார்கள். பாத்திமா அக்கா முதலில் நுழைந்தார், மரியம்மா ஜெபித்தார், ஆயா பால் பொங்கவிட்டார். அன்று மத்தியானம் கருவாடு வறுத்தார்கள். நாங்கள் தலையிடாத முதல் சண்டை அது, முதல் சமாதானமும் அது.

சாவைப் பற்றியும் கேட்டுவிட வேண்டும். இதை நான் தயங்கித் தயங்கித்தான் பழகினேன். தெருவில் இருந்தவர்களுக்குப் பசியைவிடப் பெரிய பயம் அனாதைப் பிணமாகப் போவது. எங்கள் படிவத்தில் இப்போது ஒரு பக்கம் அதற்கு. புதைப்பதா, எரிப்பதா? யார் மண் தள்ள வேண்டும்? யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்? ஓட்டேரி ஆயா, பெரியபாளையத்தில் மொட்டை போட்டு வந்தவர் அவர்தான், உடனே பதில் சொன்னார். புதைக்கணும். மேளம் வேணும். "அப்பறம் போஸ்டர் ஒட்டணும் கண்ணு. போட்டோ போட்டு."

அவர் போனபோது மரியம்மாவும் பாத்திமா அக்காவும் காப்பகத்துப் பெண்களிடம் பத்தும் இருபதுமாக வாங்கிக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார்கள். ஆடியில் எடுத்த அந்தப் படம், சந்தனத் தலையும் சிரிப்புமாக. ஓட்டேரியிலும் புளியந்தோப்பிலும் ஒட்டினோம். போஸ்டரைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை ஓர் ஆட்டோக்காரர் வந்து நின்றார். தங்கை மகன். இருபத்திரண்டு வருடமாகப் பெரியம்மா செத்துவிட்டதாக நினைத்திருந்தார்கள். அவர்தான் மண் தள்ளினார்.

ஆயாவின் இடத்துக்கு ஒருவர் வந்துவிட்டார். காப்பகத்தில் இன்னும் ஆறு பேர் வீட்டுக்குப் போகத் தயாராக இருக்கிறார்கள். ஓட்டேரி, வியாசர்பாடி, பெரம்பூர், புரசைவாக்கம் பக்கம் தரைத்தளத்தில் இரண்டு வீடுகள் வேண்டும். வாடகை மாதம் ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடும். தண்ணீர் பிடித்துக்கொள்வார்கள், வாசல் தெளித்துக் கோலம் போடுவார்கள், ஒருவர் மட்டும் கோலம் போட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் கருவாட்டு வாசம் வரும். உங்களிடம் அப்படி ஒரு வீடு காலியாக இருந்தால் கொடுங்கள்.